நண்டின் மேல் போட்ட பழி

1

இந்த நாட்டில் யாருக்குக் கொண்டாட்டமோ அவரே கேக் கொண்டுவர வேண்டும். பிறந்தநாள் என்றாலும் அப்படித்தான், வேலையில் சேர்ந்த நாள் என்றாலும் அப்படித்தான். மற்றவர்கள் கைகுலுக்கிவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். ஜெர்மனியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊரின் ஆய்வகத்தில் நான் சேர்ந்து பதினோரு ஆண்டு நிறைந்த அன்று, கேக்குக்குப் பதிலாக ரவா கேசரி கிண்டி, சதுரம் சதுரமாக வெட்டி எடுத்துப் போனேன். காலை பத்து மணிக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இந்த நிறம் என்று கேட்டார்கள். பதினொன்றரை மணிக்கு நான் நாற்பத்தேழு நாள் உழைப்பை ஒரே ஒரு கைத் திருப்பலில் கெடுத்தேன்.

அதை எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் யாராவது படித்தால், முக்கியமாக என் அண்ணி படித்தால், பாதியில் கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

2

என் வேலை என்ன என்று இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. பேட்டரி என்று சொன்னால் எங்கள் ஊர் குத்தாலத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இன்வர்ட்டர் ஞாபகம் வந்துவிடுகிறது. "செல்வி, எங்க வீட்டு பேட்டரி ரெண்டு மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது, தண்ணி ஊத்தலாமா?" என்று படம் பிடித்து அனுப்புவார்கள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு இத்தனை வருடத்தில் நான் அதிகமாகச் சொன்ன தொழில்நுட்ப ஆலோசனை, "டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க" என்பதுதான்.

இங்கேயும் கதை அதேதான். வந்த புதிதில் குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், திரவத்தில் மின்சாரம் சேமிக்கிறோம், அதைத் தொட்டிகளில் நிரப்பி வைப்போம் என்று விளக்கினேன். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அரசாங்கப் பதிவேட்டில் நான் குளிர்பானத் தொழிலில் இருந்தேன். அதை மாற்ற நான்கு படிவம் நிரப்பினேன். ஐந்தாவது படிவம், முன்பு தவறான தகவல் கொடுத்ததற்கான விளக்கம்.

ஆகவே உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொட்டி இருக்கும். இரண்டிலும் உப்புக் கரைசல். ஒரு தொட்டியில் ஒரு மருந்து, மற்றதில் வேறு மருந்து. பம்பு இரண்டையும் நடுவில் இருக்கும் ஒரு பெட்டிக்கு ஓட்டும். பெட்டிக்குள் ஒரு மெல்லிய தாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது. வெயில் அடிக்கும்போது, காற்று வீசும்போது வருகிற மின்சாரத்தை அந்த மருந்துகள் வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது திருப்பிக் கொடுக்கும். நிறைய மின்சாரம் வேண்டுமானால் பெரிய தொட்டி கட்டினால் போதும்.

சிக்கல் அந்தத் தாளில்தான். உப்பு அதைத் தாண்ட வேண்டும், மருந்து தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கே போய் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும், பேட்டரி தேய்ந்துகொண்டே வரும். சின்ன மூலக்கூறு என்றால் எப்படியும் நுழைந்து போய்விடும். அதனால் அவற்றை மணி கோத்தது போல ஒரு நீளச் சங்கிலியில் கோத்துவிடுகிறோம். பாலிமர் என்பது அவ்வளவுதான். சங்கிலி தாளின் ஓட்டையில் நுழையாது. ஆனால் சங்கிலி நீண்டால் கரைசல் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும், பம்பு முனகும். நீளத்தைக் குறைத்தால் பம்பு சிரிக்கும், மருந்து ஒழுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளம் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. ஆறு வருடத்தில் என் மகள் யாழினி தமிழை விட்டு ஜெர்மனுக்கு முழுசாகக் குடிபோய்விட்டாள். மருந்தை அந்தத் தாளில் நுழையாமல் தடுக்கத் தெரிந்த எனக்கு இதைத் தடுக்கத் தெரியவில்லை.

அந்த நீளத்தை வைத்து ஒரு சோதனை ஓட்டம். அறுபது நாள் நிறுத்தாமல் ஓட வேண்டும், தேய்மானம் ஏறக்குறைய தெரியவே கூடாது. ஓடி முடித்தால் எங்கள் குழுவின் திட்டம் தொடரும், என் ஒப்பந்தமும் தொடரும். இல்லாவிட்டால் வருடக் கடைசியோடு என் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. என் கணவர் அந்த அனுமதியில்தான் இங்கே இருக்கிறார். யாழினிக்கு வயது பதினான்கு. "நான் எங்கயும் வரமாட்டேன், நீங்க போறதுன்னா போங்க" என்று இப்போதே தன் முடிவை அறிவித்துவிட்டாள். அறுபது நாள் என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, தினமும் ஒரு கோடு கிழித்தோம்.

3

இந்த இடத்தில் எங்கள் குடும்பப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கடைமடைக்காரர்கள் நாங்கள். வாய்க்கால் எல்லோர் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும், வராமலும் போகும். முறை வைத்துத்தான் தண்ணீர். அதனால் எங்கள் வீட்டில் நடக்கத் தெரிந்த எவரும் வரப்பில் போகும்போது ஒன்றைத்தான் பார்ப்பார்கள். ஒரு வயலில் தண்ணீர் ஏறி நிற்கிறதா, பக்கத்து வயலில் இறங்கிக் கிடக்கிறதா? அப்படி இருந்தால் நின்று, குதிகாலால் மடையில் இருக்கும் மண்ணை ஒதுக்கிவிட்டு, பேச்சை விடாமல் மேலே நடப்பார்கள். யாரையும் கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற அத்தைகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் செய்திருக்கிறாள். நானும் பள்ளிக்கூடச் சீருடையோடு செய்திருக்கிறேன். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. மூக்கு அரித்தால் சொறிவது போல.

இப்படித் திறந்ததில் தப்பு நடந்தால், குற்றவாளி நண்டு. வரப்பில் நண்டு வளை தோண்டும், அதன் வழியே தண்ணீர் தப்பும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து நண்டுகள் தோண்டாத வளைக்கெல்லாம் பழி சுமந்திருக்கின்றன. எட்டாவது படிக்கும்போது நான் ஒரு மடையைத் திறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் பங்காளி வீட்டு நாற்றங்காலில் முழங்கால் தண்ணீர். முந்தின நாள் தெளித்த விதை பாதி மிதந்து போனது. சண்டைக்கு வந்தவரிடம் அப்பா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், "நண்டு வளைங்க, நான் என்ன பண்றது" என்றார். அவரும் அதற்கு முந்தின வாரம் எங்களிடம் அதே நண்டைச் சொல்லியிருந்ததால் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு அடி விழவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

4

நாற்பத்தேழாம் நாள், கேசரி தீர்ந்து நான் தொட்டிகளின் முன்னால் அளவு குறித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ராசு வீடியோவில் வந்தான். ஊரில் அப்போது பிற்பகல் மூன்று மணி. குறுவை நட்டு இருபது நாள் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. அன்று எங்கள் முறை, நான்கு மணியோடு முடிகிறது. மேலவயல் அண்ணனுடையது. அதற்கடுத்த கீழவயல் என் பங்கு, அதையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"பாத்தியா, எப்படி நிக்குது தண்ணி!" என்று கேமராவைத் திருப்பினான். மேலவயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. கீழவயலில் மண் வெடிக்கப் பார்த்தது.

"அண்ணே, கீழ காஞ்சு கெடக்கு. மடையத் தெறந்து விடு!"

"இரு புள்ள. ஒங்க அண்ணி காலைல ஏதோ சொன்னா. தண்ணிய அடக்கி வைன்னாளா, எறக்கி வைன்னாளா... போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா."

"நாலு மணிக்கு மொற முடியுது. அதுக்கப்பறம் அண்ணிகிட்ட கேட்டு என்ன பண்ணப் போற?"

"அதுக்கில்ல..."

"என்ன அதுக்கில்ல? ஒரு பக்கம் ஏறி நிக்குது, ஒரு பக்கம் எறங்கி கெடக்குது, பாத்துகிட்டு நிக்கிறியே! தெறண்ணே!"

இப்படிக் கத்திக்கொண்டிருந்த என் இடது கையில் போன். என் கண்ணுக்கு நேரே இரண்டு தொட்டி. இடது தொட்டியில் கரைசல் மூன்று விரற்கடை ஏறி இருந்தது, வலது தொட்டியில் இறங்கி இருந்தது. நாள்பட ஓடினால் தண்ணீர் தாளைத் தாண்டி ஒரு பக்கமாகச் சேரும். அது எதிர்பார்த்ததுதான், குறித்து வைத்தால் போதும். இரண்டு தொட்டியையும் இணைக்கிற ஒரு குழாய் அடியில் உண்டு. எல்லாம் முடிந்து கழுவும்போது திறப்பதற்கு அதில் நீலப் பிடி போட்ட ஒரு வால்வு.

அண்ணன் குதிகாலால் மண்ணை ஒதுக்கினான். அதே நேரம் என் வலது கை போய் நீலப் பிடியைத் திருப்பியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருப்பவில்லை. கைதான் திருப்பியது. நான் திரையில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். "போவுது பாரு, போவுது பாரு!" என்று அண்ணனும் சிரித்தான். அப்போதுதான் பக்கத்தில் ஏதோ நிறம் மாறுவது தெரிந்தது. மின்சாரம் ஏறியிருக்கும்போது ஒரு தொட்டி கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், மற்றது ஆரஞ்சு நிறத்தில். கத்தரிப்பூ நிறம் அடியிலிருந்து கரைந்து மறைந்துகொண்டே வந்தது. இரண்டும் கலந்தால் சேமித்து வைத்ததெல்லாம் வீணாகிவிடும். நான் வால்வை மூடுவதற்குள் இரண்டு தொட்டியிலும் ஒரே நிறம், காலையில் நான் கொண்டுவந்த கேசரியின் நிறம்.

"என்ன புள்ள, சத்தத்தையே காணும்?" என்றான் அண்ணன். நான் போனை அணைத்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

5

ஒரு மணி நேரத்தில் அண்ணன் மறுபடி கூப்பிட்டான். அவன் குரலும் இறங்கியிருந்தது.

"செல்வி, அண்ணி காலைல மேலவயலுக்கு யூரியா தெளிச்சிருக்கா. ரெண்டு நாளைக்குத் தண்ணிய அடக்கி வைன்னுதான் சொல்லியிருக்கா. உரமெல்லாம் இப்ப ஒன் வயல்ல."

நான் என் கதையைச் சொன்னேன். ஒரே நிமிடத்தில், ஒரே வார்த்தையில், இரண்டு கண்டத்தில் நாசம் செய்திருக்கிறேன்.

"அண்ணிகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நண்டு வளைன்னுட்டேன்."

"நம்புனாங்களா?"

"அவளும் கடைமடையில பொறந்தவதான. ஒரு பார்வ பாத்தா. அத விடு. நீயும் அங்க எதாச்சும் ஒரு நண்டு மேல போட்டுட்டுப் போ. அந்த ஊர்ல நண்டு இல்லாமயா போச்சு?"

இருந்தது. இங்கே நண்டுக்குத் தேய்மானம் என்று பெயர். அந்த வால்வு பழையது, பிடி கொஞ்சம் தளர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்க்கவில்லை. தானாகத் திறந்துகொண்டது என்று எழுதினால் விபத்து. நான் திறந்தேன் என்று எழுதினால், போனில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ஆறு வருட வேலையைக் கலக்கிய பெண்ணுக்கு யார் ஒப்பந்தம் நீட்டிப்பார்கள்?

சம்பவ அறிக்கைப் படிவம் மூன்று பக்கம். என்ன நடந்தது, எப்போது, யாருக்காவது காயம் உண்டா, கசிவு தரையில் விழுந்ததா, சாக்கடைக்குப் போனதா? கடைசியில் ஒரு கட்டம்: காரணம். வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வால்வின் தேய்மானத்தைப் பற்றி நல்ல ஜெர்மனில் நான்கு வரி எழுதினேன். வழக்கம்போல் பிழை திருத்த யாழினியிடம் கொடுத்தேன். என் ஜெர்மனைத் திருத்துவதில் அவளுக்கு ஒரு குரூரமான ஆனந்தம் உண்டு.

படித்தாள். பென்சிலை எடுக்கவில்லை.

"தப்பே இல்லம்மா."

"நெஜமாவா?"

"அதான் சந்தேகமா இருக்கு. நீ உண்மையா எழுதுனா எல்லா வரியிலயும் தப்பு இருக்கும். இத எங்கேருந்து பார்த்து எழுதுன?"

வால்வு தயாரித்த கம்பெனியின் கையேட்டிலிருந்துதான். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டதில் எனக்கு முதலில் கோபம் வந்தது. போய்ப் படி என்று கத்தினேன். அவள் போகவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மடை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டில் சோற்றைப் பிடித்து வரப்பு கட்டி, ஒரு பக்கம் ரசம் ஊற்றி, விரலால் வழி விட்டுக் காட்டினேன். ரசம் மறுபக்கம் பாய்ந்தது. அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்பா பங்காளியிடம் சொன்ன நண்டுக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அவளோடு நான் இவ்வளவு நேரம் தமிழில் பேசி எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

பிறகு முகம் மாறிக் கேட்டாள். "உண்மைய எழுதுனா நாம போயிடணுமா?"

"போக வேண்டியிருக்கலாம்."

அவள் நகத்தைக் கடித்தாள். பழியை நண்டு மேலேயே போடு என்று இவளே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன். அவள் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "இத ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்மா. உன் ஜெர்மன்ல எழுதுனா அவங்களுக்குப் புரியாது."

காரணம் என்ற கட்டத்தில் நாங்கள் எழுதியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: 'பணியாளர் நெல் விளையும் ஊரைச் சேர்ந்தவர். அங்கே பக்கத்துப் பக்கத்து வயல்களில் நீர்மட்டம் ஏறி இறங்கி இருந்தால், கண்டவர் உடனே திறந்துவிடுவது வழக்கம். பணியாளர் அப்போது தொலைபேசியில் தம் அண்ணனை அவ்வாறே செய்யுமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தார். கை பழக்கப்படி இயங்கிவிட்டது. வால்வில் குறை இல்லை.' கடைசி வாக்கியம் யாழினியுடையது.

6

குழுத் தலைவி ப்ரிகிட்டே அம்மாள் அதிகம் பேசாதவர். படிவத்தைப் படித்தார். காரணம் கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான் எதிரே உட்கார்ந்து, டிசம்பர் மாதத்தில் சாமான் கட்ட எத்தனை அட்டைப்பெட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"காய்ந்து கிடந்த வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டார்.

"சேர்ந்தது. யூரியாவும் சேர்ந்து போய்விட்டது."

"தொட்டிகளைக் கழுவிவிட்டீர்களா?"

இல்லை. நெல் வயலில் பிறந்தவளுக்கு எதையும் கொட்ட மனம் வராது. கேசரி நிறத்தில் அப்படியே இருந்தது.

"அப்படியானால் ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

ஓட்டினோம். இரண்டு பக்கமும் இரண்டு மருந்தும் சரிபாதி. பாதி மருந்து வேலை செய்யும், பாதி சும்மா கிடக்கும். ஆகவே பேட்டரி முன்பு கொடுத்ததில் பாதிதான் கொடுத்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சரக்கு இருக்கும்போது இங்கிருந்து அங்கே ஒழுகினால் என்ன, அங்கிருந்து இங்கே ஒழுகினால் என்ன? வரைபடத்தில் முன்பு நாளுக்கு ஒரு மயிரிழை இறங்கிக்கொண்டிருந்த கோடு இப்போது சமமாகப் படுத்துவிட்டது, நடவுக்குச் சமன் செய்த வயல் போல. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வேறு வகைப் பேட்டரிகளில் வேண்டுமென்றே இப்படிக் கலந்து பார்த்தவர்கள் உண்டு. ஆறு வருடம் பாடுபட்டுச் செய்த பாலிமரை அப்படிக் கலக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அறுபது நாள் ஓட்டம் தோற்றதாகவே பதிவானது. அதை நான் மறைக்கவில்லை. ஒப்பந்தம் மூன்று வருடம் நீள்வதாக இருந்தது. கலந்த கரைசலை முழுசாகச் சோதித்து முடிக்க எட்டு மாதம் மட்டும் நீட்டித்தார்கள். கையெழுத்துப் போடும்போது ப்ரிகிட்டே அம்மாள் சொன்னார், "வால்வு பழுது என்று எழுதியிருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டு வால்வை மாற்றியிருப்போம்." குடியிருப்பு அனுமதியும் அதே எட்டு மாதம். அந்த அலுவலகத்து அம்மாள் ஓய்வுபெறும் வயதை நெருங்கியும் என்னை மறக்கவில்லை. "இன்னும் குளிர்பானம்தானா?" என்றார்.

குளிர்பதனப் பெட்டியில் புதுத் தாள் ஒட்டியாயிற்று. முதல் கோட்டை யாழினி கிழித்தாள்.

அண்ணியிடம் நானே போன் செய்து, மடையைத் திறக்கச் சொன்னது நான்தான், நண்டு இல்லை என்று சொன்னேன். "தெரியும் செல்வி. எந்த நண்டு குதிகால் தடம் பதிச்சு வளை தோண்டும்?" என்றார். பிறகு, "ஒன் வயலு இப்ப கரும்பச்சையா நிக்குது. அறுப்பு முடிஞ்சதும் அந்த யூரியாவத் திருப்பிக் குடுத்துடு" என்றார். சிரித்தாரா இல்லையா என்று போனில் தெரியவில்லை. ஆகவேதான் அவரைக் கடைசிவரை படிக்கச் சொன்னேன்.

ஆய்வகத்தில் அந்த வால்வுக்கு இப்போது ஒரு பூட்டு. அருகில் ஜெர்மனில் 'திறக்கக் கூடாது, தொலைபேசி கூடாது' என்று ஒரு பலகை. குடும்பத்தாரை அழைத்துவரும் நாளில் யாழினி வந்தாள். நீலப் பிடியை ரொம்ப நேரம் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துப் பலகையின் மூலையில் எதையோ வரைந்தாள். குனிந்து பார்த்தேன். ஒரு நண்டு, இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கிக்கொண்டு. பக்கத்தில் தமிழில், கோணல் மாணலான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'நான் இல்லை.'